மோந்து பார்க்க ஓர் ஆள்

மருந்துக்காரர் தன் மச்சினனுக்குத் தர வேண்டியிருந்தது மூன்று லட்சம். கைமாற்று. பத்திரம் இல்லை, வட்டி இல்லை. சாட்சி மட்டும் உண்டு. பணம் கைமாறிய அன்று இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "குடும்பத்துக்குள்ள என்ன பேப்பர் வேண்டிக்கெடக்கு?" என்று அதட்டிய அவர் மனைவிதான் அந்தச் சாட்சி. அடுத்த வருடமே அவள் கண்ணை மூடிவிட்டாள். கடன் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தப் பணத்தோடு தன் சேமிப்பையும் வழித்துப் போட்டு அவர் வாங்கியது ஒரு ட்ரோன். கைகளை விரித்தால் ஒரு கட்டில் அகலம். வயிற்றில் பூச்சிமருந்து டேங்க். பக்கத்து ஊர்களில் எவனிடமும் அப்போது அது கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், ட்ரோன் ஓட்டும் பயிற்சிக்குப் போய், காதில் வயர் மாட்டிய பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, முதல் தடவையிலேயே தேறிவந்தவர். "இங்கிலீஷ் தெரியாம எப்படிங்க ஓட்டுனீங்க?" என்று யாராவது கேட்டால் போதும், நெஞ்சை நிமிர்த்திவிடுவார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. காத்துக்கும் தெரியாதே. நாங்க ரெண்டு பேரும் பேசிக்குவோம்."

அப்படிப் பேச அவருக்கு உரிமை இருந்தது. வாடகை ஸ்பிரேயரை முதுகில் கட்டிக்கொண்டு வயல் வயலாக நடந்து தொடங்கிய பிழைப்பு. தோள்பட்டையில் வார் அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. சட்டையை விலக்கிக் காட்டுவதற்கு அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அப்புறம் சொந்தமாகக் கைப்பம்பு, பிறகு இன்ஜின் வைத்த பம்பு, பிறகு ட்ரோன். அப்பன் பாட்டன் சொத்து ஒரு சல்லி கிடையாது. இவர் மருந்தடித்தால் சாயங்காலத்துக்குள் பூச்சி பொத்துப் பொத்தென்று விழும் என்று பெயர். பேரே மருந்துக்காரர் ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

ஊரில் அவருக்குத் தனி மரியாதை என்பது அவர் நம்பிக்கை. டீக்கடையில் போய் உட்கார்ந்தால் பெஞ்சு முழுக்க அவருக்கே. பஸ்ஸில் நிற்கிறவர்கள்கூட அவர் பக்கத்து சீட்டில் உட்கார யோசிப்பார்கள். "நானும் உக்காருங்க உக்காருங்கன்னுதான் சொல்றேன். கேக்க மாட்டேங்குதுங்க" என்பார், சலித்துக்கொள்வதுபோல. அந்தச் சலிப்பில் அவருக்கு ஒரு ருசி இருந்தது.

மற்றபடி அவரைத் தேடி வருகிறவர்கள் குறைவு. இரண்டு மாடி வீட்டின் மேல்தளத்தில் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, துணி காயப் போடும் மொட்டைமாடி. பெண் வெளிநாட்டில். அவள் அனுப்பும் படங்களில் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் வேறு யார் பிள்ளைகள் போலவோ வளர்ந்திருப்பார்கள். தவறாமல் போன் செய்கிற ஒரே ஆள் மச்சினன். மாதம் பிறந்தால் போதும், மணி அடித்துவிடும்.

"மச்சான், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள. இந்த மாசம் கொஞ்சம்..."

"தெரியும் மச்சான். சும்மாதான் பண்ணேன்."

சும்மா இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் அந்த மணி அடிக்கும் வரை மருந்துக்காரர் போனைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருப்பார்.

மச்சினன் கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்பவன். ட்ரோனுக்குப் பணம் கொடுத்ததே, அது தன் கடை மருந்தைக் குடித்துக்கொண்டு பறக்கும் என்ற கணக்கில்தான். கொஞ்ச வருடம் அப்படித்தான் பறந்தது. பிறகு படைப்புழு வந்தது.

எங்கோ கடலுக்கு அந்தப் பக்கத்துக் கண்டத்துப் புழு அது. கப்பலில் வந்ததோ காற்றில் வந்ததோ, வந்த சுவடு தெரியாமல் வந்து மக்காச்சோளத்தின் குருத்துக்குள் இறங்கிவிட்டது. மேலே மரத்தூள் மாதிரி தன் எச்சத்தையே மூடியாகப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். மேலாக மருந்தடித்தால் நனைவது இலைதான். அது உள்ளே சௌக்கியமாக இருக்கும். ஒரு மூடி ஊற்றிய இடத்தில் இரண்டு மூடி, இரண்டு மூடி ஊற்றிய இடத்தில் நாலு. மச்சினன் கடையில் ஒரு பக்கச் சுவரை இடித்து விரிவாக்கினான். வயல்காரர்கள் கையைப் பிசைந்தார்கள்.

அப்போதுதான் பூச்சி மேடம் வந்தாள். சூழலியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரி. மகள் வயது இருக்கும். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, செடிக்குச் செடி குந்தி உட்கார்ந்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புழுவைத் தின்னும் பூச்சிகளுக்குத் தேன் வேண்டும் என்று, வயலோரத்தில் ஒரு சால் பூச்செடி விதைக்கச் சொன்னாள். "சோளத்துக்குப் பொட்டு வெச்சுப் பூ வெச்சு அனுப்பவா?" என்று வயல்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு விதைப் பையை நீட்டினாள். அவளுக்கு ஒரு ட்ரோன் தேவைப்பட்டது. முதலில் மேலிருந்து படம் எடுக்க. எந்த மூலையில் புழு அதிகம் என்று படத்தில் நிறம் மாறித் தெரியும். பிறகு குளவி போட.

"குளவியா? கொட்டாதா?" என்றார் மருந்துக்காரர்.

"கண்ணுக்கே தெரியாதுங்க ஐயா. ஒரு புள்ளி அளவுதான். புழுவோட முட்டையத் தேடிப்போய் அதுக்குள்ள தன் முட்டைய வெச்சிடும். அந்த முட்டை கறுத்துப்போகும். புழு வர வேண்டிய எடத்துல குளவி வரும். புழு அதோட சொந்த ஊர்ல இந்த மாதிரி நூறு எதிரிக்கு நடுவுல இருந்துச்சு. இங்க வரும்போது தனியா வந்துடுச்சு. கேக்க ஆளில்லாம ஆடுது."

"சரிதான். ரவுடிய அடக்க ரவுடியக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

குளவிகள் கோலிக்குண்டு அளவு காகித உருண்டைக்குள் பொரியும் பருவத்தில் வரும். ட்ரோனின் வயிற்றில் டேங்கைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டியை மாட்ட வேண்டும். பெட்டி கணக்காக இடைவெளி விட்டு உருண்டைகளை வயலில் உதிர்க்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் ஒரு நிபந்தனை. முட்டை கறுத்த வயலுக்குத்தான் கூலி. பூச்சி மேடம் அதோடு ஒன்று சொன்னாள்: "பெட்டியில மருந்து வாசம் துளி இருக்கக் கூடாதுங்க ஐயா. குளவி செத்துடும்."

"எனக்கே சொல்றீங்களா?" என்றார் மருந்துக்காரர்.

கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தப் பருவம் முழுக்கக் குளவி போட்டால் மச்சினன் கடன் மொத்தமும் அடைந்துவிடும். அடைந்தே ஆக வேண்டும். ஏனென்றால் அந்த மாதப் போனில் மச்சினன் "சும்மாதான்" என்று சொல்லவில்லை.

"மச்சான், நீங்க பூச்சி வளக்கப் போய்ட்டீங்கன்னு கடையில வந்து சிரிக்கறாங்க. நான் மருந்து விக்கறவன். எம் பணத்துல வாங்குன ட்ரோன் எனக்கே ஆப்பு வெக்குது. அறுவடைக்குள்ள பணம் வந்துடணும். இல்லன்னா ட்ரோனக் கடையில விட்டுடுங்க. ஆள் வெச்சு நானே ஓட்டிக்கறேன்."

ட்ரோன் போனால் அவர் என்ன? சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன்.

அதுவரை குளவி மட்டும் போட்டவர், மச்சினனைச் சமாதானம் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் அவன் வாடிக்கையாளர்களுக்கு மருந்தடிப்பது, வெயில் தாழ்ந்ததும் குளவி போடுவது. ஒரே ட்ரோன்தான், அதனாலென்ன, கழுவினால் போயிற்று. டேங்கைக் கழற்றுவார், ட்ரோனைக் குழாயடியில் வைத்துப் பீச்சுவார், பெட்டியைக் கழுவுவார், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். சுத்தம். ஒரு வாசமும் இல்லை. மாட்டிவிடுவார். கூலி இரண்டு பக்கமும் வருகிறதே என்று உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

அறுவடைக்குப் பாதித் தூரம் இருக்கும்போது பூச்சி மேடம் கறுத்த முட்டை பார்க்க வந்தாள். மருந்துக்காரரும் கூடவே நடந்தார். சோளத் தட்டைகள் இருவர் தலைக்கும் மேலே நின்றன. முதலில் குளவி போட்ட வயல்களில் இலையைத் திருப்பத் திருப்ப முட்டைக் கூட்டம் கறுகறுவென்று இருந்தது, மையைத் தெளித்த மாதிரி.

"பாத்தீங்களா? நான் கை வெச்சா வேல பேசும்" என்றார்.

"ஆமாங்க ஐயா. அருமையா இருக்கு."

வாய்க்காலைத் தாண்டி அடுத்த வயல்களுக்குப் போனார்கள். அங்கே முட்டைகள் வெளுப்பாகவே இருந்தன. சிலது பொரிந்து, குட்டிப் புழுக்கள் நூல் விட்டுக்கொண்டு இலையிலிருந்து தொங்கின. இன்னொரு வயல். அங்கேயும் வெளுப்பு. பூச்சி மேடத்தின் முகம் சுண்டியது.

"உங்க குளவி சோம்பேறியாப் போச்சு" என்றார் மருந்துக்காரர். அவள் மண்ணில் கிடந்த ஓர் உருண்டையைப் பிய்த்தாள். உள்ளே பொரிந்த குளவிகள் அப்படியே செத்து, மிளகுப்பொடி கொட்டினாற்போல் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தன. வெளியே வர ஓட்டை இருந்தும் ஒன்றுகூட வரவில்லை.

வரப்பில் நிறுத்தியிருந்த ட்ரோனிடம் போய்ப் பெட்டியைத் திறந்தாள். குனிந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயா, மருந்து வாசம் குடலைப் பிடுங்குதே."

"எங்க? கழுவிட்டு நான்தான மோந்து பாத்தேன். சுத்தமா இருந்துச்சே."

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு தோள்பையில் மதியம் தின்ன வைத்திருந்த ஆரஞ்சை எடுத்து, தோலை உரித்து, விரலால் பிதுக்கினாள். தோலிலிருந்து சாறு தெறித்து வெயிலில் மின்னியது.

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் கண்ண மூடுங்க. இது என்ன வாசம்னு சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்து அவர் கண்ணை மூடினார். மூக்கருகே அவள் கை வந்ததைக் காற்று சொன்னது. இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். இன்னும்.

"நல்ல வாசம்" என்றார். பிறகு, "பூ மாதிரி" என்றார்.

கண்ணைத் திறந்தபோது அவள் தோலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

"எத்தன வருஷமா மருந்தடிக்கறீங்க ஐயா?"

அவர் சொன்னார். எப்போதும் மார்தட்டிச் சொல்லும் எண்ணிக்கை. அன்றைக்கு அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மருந்து மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். போனதே தெரியாது. இந்த வயலுக்கெல்லாம் கூலி எழுத முடியாதுங்க ஐயா, எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க. மிச்ச வயலுக்குப் புதுப் பெட்டி தர்றேன். ஆனா ட்ரோன் முழுக்க வாசம் போகணும். போச்சான்னு வேற யாராவது பாத்துச் சொல்லணும். குளவி போட்டு முடியற வரைக்கும் மருந்து அடிக்கக் கூடாது."

வேறு யாராவது. வீட்டுக்கு வந்து ட்ரோனை மொட்டைமாடியில் இறக்கியபின்தான் அந்தச் சொல் அவருக்கு உறைத்தது. முன்பு அந்த 'வேறு யாராவது' வாசலிலேயே நின்றிருப்பாள். வேலை முடிந்து வரும்போது நிலைப்படியில் கையை நீட்டி மறிப்பாள். மோந்து பார்த்து, "இன்னும் போகல. போய்க் குளிங்க" என்பாள். குளித்துவிட்டு வந்தால், "காதுக்குப் பின்னால" என்பாள். சட்டையைத் தனி வாளியில் போட்டு நாலு தண்ணீர் அலசுவாள். சண்டைக்காரி, சுத்தக் கிறுக்கு என்று அவளை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவள் போனபிறகு மறிக்கக் கை இல்லை. அவர் பாட்டுக்கு உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்துவிடுவார். சட்டை பார்வைக்கு அழுக்கில்லையென்றால் மறுநாளும் அதே சட்டைதான்.

துணிசோடாவைக் கரைத்து ட்ரோனைத் தேய்த்தார். மடக்குகளில், திருகுகளில், வயர் போகும் சந்துகளில் பழைய பிரஷ்ஷை விட்டுக் குடைந்தார். வெயிலில் வைத்தார். வழக்கம்போலக் குனிந்து மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரைக் கூப்பிடுவது? மச்சினனைக் கூப்பிடலாம், ஆனால் மருந்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவன் மூக்கு மட்டும் எந்த லட்சணத்தில் இருக்கும்? டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் முழுக்கச் சிரிக்கும். யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை என்பதுதான் அவர் அதிகம் சொன்ன பெருமை. அந்தப் பெருமையை இப்போது எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

கடைசியில், ட்ரோனோடு சேர்த்துக் கழுவிய பழைய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். மெஷின் சத்தம் காதுக்குப் பழக்கம். முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை. கதவைத் தட்டினார். மெஷின் நின்றது.

"யாரு? அட, மேல் வீட்டு ஐயாவா? நீங்க பேசுவீங்களா?"

"ஒரு உதவி வேணும்மா. இதக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க. வாசம் அடிக்குதா?"

அவள் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டு, பெட்டியை வாங்கி முகர்ந்து, தும்மினாள்.

"அம்மாடி! என்னங்க இது? இதையா சோத்து டப்பாவா வெச்சிருக்கீங்க?"

அவர் விஷயத்தைச் சொன்னார். குளவி, புழு, மூக்கு எல்லாம். சொல்லும்போது நடுநடுவே பெருமை எட்டிப் பார்த்தது. அதை அவரே பிடித்து உள்ளே தள்ளினார். திரும்பப் போய்க் கழுவி வந்தார். "போகல" என்றாள். அவளே உள்ளே போய் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்து, "இதப் போட்டுத் தேயுங்க" என்றாள். மறுநாள் மாடிப்படி ஏறி வந்து ட்ரோனின் ஒவ்வொரு கையையும், ஒவ்வொரு மடக்கையும் மோந்து பார்த்தாள். "இங்க போயிடுச்சு. இங்க இருக்கு. இந்த மூலையில நல்லா இருக்கு." அவர் அவள் விரல் காட்டிய இடமெல்லாம் தேய்த்தார். அதற்கு மறுநாள் மறுபடி வந்து மூக்கை உறிஞ்சி, தலையசைத்தாள்.

"இதுல இனி ஒண்ணும் இல்ல. உங்க மேலதான் இருக்கு."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ரெண்டு வருஷமா அந்தப் பக்கத்து ஜன்னலத் தொறக்கல நான். உங்க துணி காயுற பக்கம்ல அது. தைக்கக் குடுக்கறவங்க கேப்பாங்க, என்ன வாசம்னு."

"ஏம்மா, வந்து சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? பெரிய மனுஷன், கோவக்காரர்னு சொன்னாங்க. டீக்கடையில கூட யாரும் கிட்ட ஒக்கார மாட்டாங்களாமே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் துணி வெட்ட வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டாள். மருந்துக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஆள் போவதும் வருவதுமாக இருந்தது. காலியாகக் கிடந்த அந்த பெஞ்சு, பக்கத்து சீட்டு, வணக்கம் சொல்லிவிட்டு நாலடி தள்ளியே நின்றவர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. அன்றைக்கு அவர் வீட்டிலிருந்த சட்டையெல்லாம் எடுத்து வாளியில் போட்டார். மறுபடி மறுபடி தண்ணீர் மாற்றினார். எது போதும் என்று தெரியாததால் கை ஓயும் வரை அலசினார்.

மறுநாள் மச்சினன் கடைக்குப் போனார். கல்லாவுக்கு இந்தப் பக்கம், மூட்டைகளிலிருந்து தள்ளி நின்றார்.

"மாப்ள, இனிமே மருந்தடிக்க வர மாட்டேன்."

"என்ன மச்சான், திடீர்னு ஞானோதயம்?"

"ட்ரோன்ல வாசம் ஏறுது. குளவி சாவுது. கூலி போச்சு."

"அந்தப் பொம்பள சொல்றான்னு நீங்களும்... வாசமாம் வாசம். என் கடையில ஒரு வாசமும் இல்லியே!" மச்சினன் மூக்கை விடைத்துக் காட்டினான். தெருவில் போன ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். மருந்துக்காரர் அதைப் பார்த்தார், சொல்ல வாயெடுத்தார், இந்தப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

"ஒரு தடவ டாக்டர்கிட்டப் போய் மூக்கக் காட்டு மாப்ள."

"எனக்குப் பணத்தக் காட்டுங்க. அறுவடைக்குள்ள. அவ்வளவுதான் பேச்சு."

அடுத்த மாதம் பிறந்தபோது போன் வரவில்லை.

மிச்ச வயல்களில் அவர் ஒருவராகவே குளவி போட்டார். வெயில் சாயும்வரை வரப்பில் நிழலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். காற்று அடங்கியதும் ட்ரோனை எழுப்புவார். சோளக் கதிர்களுக்கு மேலே அது கிர்ரென்று இரைந்துகொண்டு போகும். வெள்ளை உருண்டைகள் ஒன்று, இன்னொன்று என்று தட்டைகளுக்குள் மறையும். முன்பெல்லாம் மருந்தடித்தால் வயல்காரன் கூடவே ஓடி வருவான், விழுந்த புழுவைக் காலால் தள்ளிப் பார்ப்பான், சபாஷ் போடுவான். இதில் விழுவதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் புறப்படுமுன் தையல்காரம்மா வாசலில் வந்து புதுப் பெட்டியை மோந்து, "ம்" என்பாள். அந்த 'ம்'தான் பல நாட்களில் அவர் காதில் விழுந்த ஒரே மனிதக் குரல்.

பூச்சி மேடம் மறுபடி வந்து இலைகளைத் திருப்பினாள். எல்லாம் கறுத்திருந்தது. அவள் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அடுத்த பருவமும் நீங்கதான் ஐயா." அவர் ஏதாவது சவடால் விடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலி வந்தது. ஆனால் குளவி செத்த வயல்களின் பங்கு குறைந்ததால் மூன்று லட்சத்துக்குத் துண்டு விழுந்தது. அறுவடை தொடங்கிவிட்டது. அவர் மருந்து டேங்க், அதன் குழாய், இன்ஜின் பம்பு, தழும்பு உண்டாக்கிய பழைய கைப்பம்பு எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு மருந்தடிக்கிறவனுக்கு விற்றார். "மூக்கப் பாத்துக்கப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவன் ஏதோ கிழவர் உளறல் என்று தலையாட்டினான்.

குளித்து, புதுச் சட்டை போட்டு, பணத்தைத் துணிப்பையில் வைத்து, கடை திறந்தவுடன் போனார். மச்சினன் அவரைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு எழுந்தது தப்பு என்பதுபோல உட்கார்ந்தான்.

"முழுசாவா மச்சான்?"

"முழுசா."

"பரவால்ல, பேங்குல போட்டிருக்கலாமே. எதுக்கு அலையறீங்க?"

"உங்கக்கா முன்னாடி கையில வாங்குனது. கையிலதான் குடுப்பேன். நீட்டு."

மச்சினன் கல்லாவின் மேல் வலது கையை நீட்டி விரித்தான். அகலமான உள்ளங்கை. சுண்டுவிரல் நுனி லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. அப்படி வளைந்த விரல் அவன் பிறந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. நிலைப்படியில் மறித்து நின்ற கைக்கும் அதே வளைவுதான். இத்தனை வருடத்தில் அவன் கையை அவர் இப்படிப் பார்த்ததே இல்லை.

அவர் எண்ணத் தொடங்கினார். நோட்டுகளைக் கட்டாக வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றையும் அந்த உள்ளங்கையில் வைத்து, விரலால் அழுத்தினார். கை நிறைந்தபோது மச்சினன் கல்லாவில் போட்டுவிட்டு மறுபடி நீட்டினான். வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். மச்சினன் இடது கையால் நிற்கச் சொன்னான்.

"இனி உங்களுக்கு என் தொல்லை இருக்காது மச்சான்" என்றான், சிரிக்க முயன்று.

"எண்ணிக்கை தப்பிடும், பேசாத" என்றார்.

கடைசிக்கு வந்தபோது அவர் வேகம் இன்னும் குறைந்தது. மச்சினனும் அவசரப்படுத்தவில்லை. பை காலியானது. கடைசி நோட்டை வைத்து, அதன் மேல் கட்டைவிரலை அழுத்தி, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.